முதல்ல என்ன செய்வீங்க?

அட, பார்த்து உக்காருங்ணா. அந்தக் கவரு மேல உக்காந்துராதீங்க. இப்புடிக் குடுங்க, மடில வெச்சுக்கறேன். சாதாக் காகிதந்தான், ஆனா அந்த ஒத்தைக் காகிதத்துக்கு நாலு மாசமா நாயா அலைஞ்சிருக்கறனுங்க. பேக்குல வெச்சா மடங்கிரும்.

ஜாதகமுங்களா? இல்லீங்ணா, மார்க் சீட்டு. என்ற பொண்ணோடது இல்லீங்க, என்றதுதான். ஏனுங்க சிரிக்கறீங்க? நாப்பத்தாறு வயசுல பரீட்சை எழுதக் கூடாதுங்களா? நானும் அதைத்தான் கேட்டேன், எழுதக் கூடாதுன்னு. எவன் கேக்கறான்?

நீங்க எதுவரைக்கும் போறீங்க? சத்தியமங்கலமா? நான் புளியம்பட்டில எறங்கிருவேன். எப்பவும் கார்லதானுங்க. ஆனா இந்தப் பரீட்சைக்கு ரெண்டு தடவை கார்ல போனேன், ரெண்டு தடவையும் ஊத்திக்கிச்சு. 'காருக்கு ராசியில்லை, பஸ்ல போயிட்டு வாங்க'ன்னு என்ற சம்சாரம் சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா. நான் ஃபெயிலானதுக்குக் காரு காரணமாம். காரு என்னங்க பண்ணுச்சு? நடந்தது ஒண்ணு, பழியைத் தூக்கிப் போடறது வேற எது மேலயோ. இப்ப பஸ்ல வந்து பாஸாகித் தொலைச்சுட்டேன், இனி வீட்டுல வாயைத் திறக்க முடியாது.

என்ற பேரு சென்னியப்பனுங்க. சரவணம்பட்டில ஒரு ஐடி கம்பெனில இருக்கறேன். சர்வர் பாக்கறது. சர்வர்னா ஓட்டல்ல இட்லி கொண்டாந்து வெக்கறவன் இல்லீங்ணா, எல்லாரும் இந்த ஜோக்கை அடிச்சாச்சு. வெளிநாட்டுல ஒரு மளிகைக் கடைக் கம்பெனி இருக்குது, இருநூறு கடை. எந்தக் கடைல எந்தப் பொம்பளை ஒரு பாக்கெட்டுப் பாலை எடுத்து பில்லுப் போடற மேசைல வெச்சாலும், அந்தக் கணக்கு நேரா எங்க கம்ப்யூட்டருக்குத்தான் வரும். அது நின்னா இருநூறு கடையும் நிக்கும். அது நிக்காம பாத்துக்கறது என்ற வேலை. இருபத்திரெண்டு வருசம். சர்வர் விடற மூச்சை வெச்சே என்ன நோவுன்னு சொல்லிருவேன்.

அப்பேர்ப்பட்ட ஆளைக் கூப்புட்டு உக்கார வெச்சு, 'சென்னி சார், நீங்க ஒரு சர்ட்டிஃபிகேட் எக்ஸாம் எழுதணும்'ங்கறான். யாரு? எங்க மேனேஜரு. அஸ்வத்துன்னு பேரு, முப்பத்திமூணு வயசு. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அவன் ஆறாங்கிளாஸ். மெயில் போட்டான்னா பேருக்குக் கீழ நாலு வரி பட்டம் வரும், என்னென்ன பரீட்சை பாஸ் பண்ணியிருக்கான்னு. பேரே எங்கயோ மேல மாட்டிக்கிட்டு நிக்கும். ஒரு நாளாவது ஒரு சர்வரைக் கையால தொட்டிருப்பானான்னா, சத்தியமா கெடையாது.

'எதுக்குப்பா எனக்குப் பரீட்சை?'ன்னேன்.

'கஸ்டமர் புது கான்ட்ராக்டுல போட்டிருக்காங்க சார். அவுங்க வேலை பாக்கற எல்லாரும் சர்ட்டிஃபைடா இருக்கணுமாம். ஜூன் கடைசிக்குள்ள.'

'இல்லாட்டி?'

'இல்லாட்டி உங்களை ரிலீஸ் பண்ண வேண்டி வரும் சார்.'

ரிலீஸ்! என்னமோ ஜெயில்ல இருக்கறவனைத் தொறந்து விடற மாதிரி சொல்றானுங்க. விசயம் என்னன்னா, அந்த வேலையில இருந்து எடுத்துப் பெஞ்சுல போடுவான். பெஞ்சுன்னா, வேலை ஒண்ணும் குடுக்காம சும்மா உக்கார வெக்கறது. ரெண்டு மாசம் உக்கார வெச்சு, மூணாவது மாசம் கையைக் குலுக்கி அனுப்பிருவான். பொண்ணு பன்னெண்டாவது படிக்குது. நாப்பத்தாறு வயசுல எவன் வாசல்ல போயி வேலைக்கு நிக்கறதுங்ணா? தலைமுடிக்கு டை அடிச்சாலும் பயோடேட்டாவுக்கு அடிக்க முடியாதில்லீங்க. அதான், சரின்னுட்டேன்.

படிக்கறதுன்னா புஸ்தகம் மட்டும் இல்லீங்க இப்ப. வீடியோ. ஒரு தாடிக்காரன் வந்து நாப்பது மணி நேரம் பேசறான். சர்வர்னா என்னன்னு எனக்கே சொல்லித் தர்றான்! நான் டிவியோட சண்டை போடுவேன். 'அப்புடி இல்லடா, உனக்கு யாருடா சொன்னது, ஒரு தடவை நேர்ல வந்து பாருடா'ன்னு கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரரு ஒரு நாள் வந்து, 'வீட்டுல ஏதாவது பிரச்சினைங்களா'ன்னு கேட்டுட்டுப் போனாரு.

அப்புறம் டம்ப்புன்னு ஒண்ணு இருக்குதுங்ணா. ஏற்கெனவே பரீட்சை எழுதினவன் கேள்வியெல்லாம் ஞாபகம் வெச்சு வந்து வெளிய விட்டுருவான். அதை நெட்டுருப் போட்டுட்டுப் போயி எழுதறது. எங்க ஆபீஸ்ல சின்னப் பசங்க எல்லாம் அதுல பாஸானவனுங்கதான். த்தூ, அதுக்குப் பேரு படிப்பா? எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நானும் வாங்கினேன், இல்லைங்கல. ஆனா நான் வாங்கினது சரியா இருக்குதான்னு பாக்கறதுக்கு.

சரி, கேள்வி கஷ்டமான்னா, கஷ்டம் ஒண்ணும் இல்லீங்க. அதுல ஒரு வெஷமம் இருக்குது. ஒரு கேள்விக்கு நாலு பதில் குடுப்பான். ஒண்ணு சரி, மூணு தப்புன்னு இருந்தா நம்ம கண்ணை மூடிட்டுச் சொல்லிரலாம். நாலுமே சரியா இருக்கும். நாலுமே செய்யற வேலைதான். கேள்விக்குள்ள ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருப்பான். 'முதல்ல.' இதுல எதை முதல்ல செய்வீங்க? அவ்வளவுதான். அந்த ஒத்தை வார்த்தைல என்னை ரெண்டு தடவை கவுத்துட்டான்.

உதாரணத்துக்குச் சொல்றேன். நல்லா ஓடிக்கிட்டிருந்த சர்வர் திடீர்னு நின்னு போச்சு. முதல்ல என்ன செய்வீங்க? ஏ, ரீஸ்டார்ட் பண்ணுவேன், அதாவது நிறுத்தித் திரும்ப ஓட விடறது. பி, சர்வர் வித்த கம்பெனிக்குப் போன் போடுவேன். சி, கடைசியா அதுல யாரு என்ன மாத்தினாங்கன்னு பார்ப்பேன். டி, பழைய நகலை எடுத்துப் போடுவேன். நீங்க சொல்லுங்ணா, உங்களுக்குக் கம்ப்யூட்டரு தெரியாது, ஆனா அறிவு இருக்குதில்ல. என்ன செய்வீங்க?

சி-யா? நீங்களுமா! சரி விடுங்க, உங்களுக்குத் தெரியாது.

வீடு பத்தி எரியறப்ப தண்ணியைத் தூக்கி ஊத்துவீங்களா, 'காத்தால யாரு அடுப்பைப் பத்த வெச்சது'ன்னு விசாரணை வெப்பீங்களா? ரீஸ்டார்ட்டுதானுங்க. இருபத்திரெண்டு வருசமா நான் முதல்ல செய்யறது அதுதான். பத்துக்கு ஒம்பது அதுலயே சரியாயிரும். ஆனா தாடிக்காரன் சி-ங்கறான். புஸ்தகம் சி-ங்குது. டம்ப்புல சி. என்ற பொண்ணு வேற, கேள்வி எழுதின அட்டையைக் கைல வெச்சுட்டுக் கேள்வி கேப்பா, 'அப்பா, முதல்லன்னு கேட்டாலே நீ ரீஸ்டார்ட்டுங்கற, பின்னாடி சி-ன்னு போட்டிருக்குதுப்பா'ங்கறா. நாலு பேரு ஒண்ணாச் சேர்ந்து தப்பாச் சொன்னா அது சரியாயிருமுங்களா?

நான் ஒண்ணும் காத்துல பேசலீங்ணா. எனக்கு நடந்திருக்குது. இதே மாதிரி, அச்சு அசல். போன வருசத்துக்கு முந்தின டிசம்பர். அந்த ஊர்ல அவுங்களுக்குப் பெரிய பண்டிகை, அதுக்கு முந்தின நாள். இருநூறு கடைலயும் கூட்டம். நம்ம தீபாவளிக்கு முந்தின நாளு ஒப்பணக்காரத் தெரு எப்புடி இருக்கும், அப்புடி. சாயங்காலம் நாலு மணி, பில்லு நின்னு போச்சு. கூடையைக் கைல வெச்சுட்டு சனம் வரிசைல நிக்குது. இங்க எங்களுக்குப் போனு மேல போனு.

அன்னிக்கு ஷிஃப்டுல என்கூட ஒரு புள்ள இருந்துச்சு. மேகலான்னு. தாராபுரம் பக்கம், ரெண்டு வருச சர்வீஸு. ஒல்லியா, எந்நேரமும் கைல ஒரு நோட்டு. எல்லாத்தையும் நேரம் போட்டு அதுல எழுதும். 'நாலு ரெண்டு, பில்லு நின்றது. நாலு நாலு, சென்னி சார் வந்தார்.' கணக்குப்புள்ள மாதிரி. நான் வந்ததும் ரீஸ்டார்ட் பண்ணப் போறேன், அந்தப் புள்ள குறுக்க நிக்குது.

'சார், ஒரு நிமிஷம் சார். காலைல ஒம்பது நாப்பதுக்கு யாரோ உள்ள வந்து எதையோ மாத்தியிருக்காங்க சார். அது என்னன்னு மட்டும் பாத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம் சார்.'

'தள்ளும்மா'ங்கறேன்.

'இல்ல சார், ரீஸ்டார்ட் பண்ணிட்டா அந்தப் பதிவு அழிஞ்சிரும் சார், அப்புறம் என்ன மாத்தினாங்கன்னே தெரியாது சார்.'

எனக்குப் பாடம் நடத்துது! ரெண்டு வருச சர்வீஸு! பேச்சு, பேச்சு, பதினோரு நிமிஷம் என்கூட மல்லுக்கு நின்னுச்சு. அப்புறம் ஒரு அதட்டு அதட்டினேன் பாருங்க, கம்முனு ஒதுங்கிருச்சு. ரீஸ்டார்ட் பண்ணினேன்.

ஓடுச்சுங்ணா. ஏன் ஓடாம? நல்லா ஓடுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி நின்னுருச்சு. மறுபடி பண்ணினேன், மறுபடி ஓடுச்சு, மறுபடி நின்னுச்சு. இப்புடியே ராத்திரி பத்து ஆயிருச்சு.

ஒம்பது நாப்பதுக்கு யாருன்னு கேக்கறீங்களா? அது நாந்தானுங்க. அதுல என்ன இருக்குது? கூட்டம் வரும்னு எனக்குத் தெரியும், பண்டிகைன்னா வரத்தானே செய்யும். ஒரே நேரத்துல எத்தனை பில்லை உள்ள விடலாம்னு அதுல ஒரு நம்பர் இருக்குது. நாப்பதுன்னு இருந்துச்சு, நானூறுன்னு மாத்தி வெச்சேன். நல்லது நினைச்சுப் பண்ணினதுதான். முறைப்படி பாத்தா அதுக்கு ஒரு சீட்டு எழுதி, மூணு பேருகிட்ட அனுமதி வாங்கி, அப்புறந்தான் தொடணும். இந்தச் சுண்டைக்கா விசயத்துக்கு எவனுங்க சீட்டு எழுதுவான்? அதெல்லாம் புதுசா வர்ற பசங்களுக்குப் போட்ட சட்டம்.

எப்புடிச் சரியாச்சுன்னா, அதுதானுங்க அனுபவம்ங்கறது. எத்தனை ரீஸ்டார்ட் பண்ணியும் ஆகலைன்னதும் ஒரு பொறி தட்டுச்சு. அந்தப் புள்ளையை டீ வாங்கியாரச் சொல்லி அனுப்பிட்டு, அந்த நானூறை மறுபடி நாப்பதா மாத்தினேன். அப்புறம் இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேன். சும்மா கும்முனு ஓடுச்சு, இன்னிக்கு வரைக்கும் ஓடுது. கடைசில எது காப்பாத்துச்சு? ரீஸ்டார்ட்டு! இந்தப் பரீட்சைக் கேள்வி எழுதறவனை அன்னிக்கு என் பக்கத்துல கொண்டாந்து உக்கார வெச்சிருக்கணும்.

இருங்க, கண்டக்டரு சில்லறை கேக்கறான். கோவில்பாளையம் வந்துருச்சா? அதுக்குள்ளயா?

எங்க விட்டேன்? ஆங். அப்புறம் கஸ்டமர் சும்மா விடுவானுங்களா? ஆறு மணி நேரம் கடை நின்னிருக்குது. ரெண்டு நாளுக்குள்ள அறிக்கை குடுங்கறான். இது எங்க தொழில்ல ஒரு வழக்கமுங்க. எதாவது நின்னு போச்சுன்னா, எதனால நின்னுச்சு, மூல காரணம் என்ன, யாரால ஆச்சுன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடுக்கணும். எழவு வீட்டுல கருமாதி மாதிரி, அதை முடிச்சாத்தான் கஸ்டமர் மனசு ஆறும். யாரு எழுதறது? சீனியர் நான்தானே எழுதணும்.

எழுதினேன். பொய் எழுதலீங்ணா, சத்தியமா ஒரு வரி பொய் கெடையாது. 'பணியில் இருந்த இளநிலைப் பொறியாளர், உடனடியாக எடுக்க வேண்டிய நடவடிக்கையைப் பதினோரு நிமிடம் தாமதப்படுத்தினார்.' தாமதப்படுத்துச்சா இல்லையா? அந்தப் புள்ள நோட்டுலயே நேரம் போட்டு இருக்குது. காரணம்ங்கற கட்டத்துல 'மனிதத் தவறு'ன்னு போட்டேன். கஸ்டமர் உடனே சமாதானமாயிட்டான். ஒரு பேரு கெடைச்சா போதும் அவுங்களுக்கு.

அந்தப் புள்ளையை வேலையில இருந்து எடுத்துட்டாங்க. நான் எடுக்கச் சொல்லலீங்க, அது மேல இருக்கறவங்க முடிவு. பெஞ்சுல உக்காந்துச்சு, ரெண்டு மாசம் கழிச்சு அதுவா எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. போறன்னிக்கு என்ற சீட்டுக்கு வந்துச்சுங்ணா. சண்டை போடத்தான் வருதுன்னு நானும் தயாரா இருந்தேன். குரலைத் தணிச்சுக்கிட்டு என்ன சொல்லுதுன்னா, 'சார், அன்னிக்கு ஒம்பது நாப்பதுக்கு உள்ள வந்தது உங்க பேர்லதான் சார் இருந்துச்சு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். யாரோ உங்க பாஸ்வேர்டைத் திருடியிருக்காங்க போல. வேற யாருகிட்டயும் சொல்லல சார், நீங்க மாத்திருங்க சார்.'

கேட்டீங்களா! என்ற மேல சந்தேகமே இல்லை. எவனோ திருடிட்டானாம்! அவ்வளவு வெகுளி. இந்த மாதிரிப் புள்ளைக எல்லாம் ஐடில எப்புடிங்க பொழைக்கும்? 'சரிம்மா, மாத்திக்கறேன்'னேன். கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போச்சு.

அது கெடக்கட்டும், பரீட்சைக்கு வருவோம். முதல் தடவை அந்தக் கேள்வி ஒரு பேங்க்குன்னு வந்துச்சு. ரீஸ்டார்ட்டுன்னு போட்டேன். பாஸ் மார்க் எழுநூறு, எனக்கு அறுநூத்தி எம்பத்தெட்டு. எந்தக் கேள்வி தப்புன்னு சொல்ல மாட்டானுங்க, அது ராணுவ ரகசியம். ஒவ்வொரு பாடத்துலயும் எவ்வளவு தேறினோம்னு ஒரு கோடு மட்டும் போட்டுக் குடுப்பான். எல்லாக் கோடும் நெட்டுக்கு நிக்குது. ஒரே ஒரு கோடு மட்டும் குட்டை. அது என்ன பாடம்னா, சேஞ்ச் மேனேஜ்மென்ட்டு. அதாவது எதையாவது மாத்தறதுன்னா எப்புடி மாத்தணும், யாருகிட்டச் சொல்லணும்ங்கற பாடம். எனக்கு! இருபத்திரெண்டு வருசமா மாத்தறதைத் தவிர வேற என்ன வேலை பார்த்திருக்கேன்?

ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரின்னு வந்துச்சு. நானும் ரீஸ்டார்ட்டை விடல. அறுநூத்தித் தொண்ணூத்தொண்ணு. மறுபடி அதே குட்டைக் கோடு. அஸ்வத் கூப்புட்டு, 'சார், இன்னும் ஒரு தடவைதான் டைம் இருக்குது'ன்னான். இந்தத் தடவை நாலு வரிப் பட்டக்காரன் மூஞ்சில ஒரு பரிதாபம் வேற. அதைத்தானுங்க தாங்க முடியலை.

இன்னிக்குப் போனேன். அந்தப் பரீட்சை நடத்தற எடம் இருக்குதே, அது ஒரு கூத்து. போன், கடிகாரம், பர்ஸ் எல்லாம் வாங்கிப் பெட்டில போட்டுப் பூட்டிருவாங்க. பேன்ட் பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டணும். முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டணும். கண்ணாடியை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறா ஒரு அம்மா. அதுக்குள்ள என்னங்க எழுதி வெக்க முடியும்? உள்ள போயி உக்காந்தா, வாய்க்குள்ளயே கேள்வியைப் படிக்கற பழக்கம் எனக்கு, உடனே தோளைத் தட்டி, 'சார், உதடு அசையக் கூடாது'ங்கறா. கோயில்ல கூட இவ்வளவு பயபக்தி கேக்க மாட்டாங்க.

அம்பத்தெட்டு கேள்வி வரைக்கும் பிரச்சினை இல்லை. அம்பத்தொம்பதாவது கேள்வி வந்துச்சு பாருங்க. ஒரு மளிகைக் கடைக் கம்பெனியாம். பண்டிகைக்கு முந்தின நாளாம். சாயங்காலம் பில்லு நின்னு போச்சாம். முதல்ல என்ன செய்வீங்க?

ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேனுங்ணா. எவனோ என்ற பக்கத்துல நின்னு பார்த்து எழுதின மாதிரி. மவுசைக் கைல புடிச்சுட்டு அப்புடியே உக்காந்திருக்கேன். அந்தப் புள்ள நோட்டோட குறுக்க நின்னுச்சே, அது கண்ணு முன்னாடி வருது. 'ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம் சார்.' உதடு அசைஞ்சிருக்கும் போல, அந்த அம்மா மறுபடி வந்து தட்டறா. ஸ்க்ரீன்ல ஓடற கடிகாரத்தைப் பார்த்தா பதினாலு நிமிஷம் ஓடியிருக்குது. ஒத்தைக் கேள்விக்கு! அந்தப் புள்ள பதினோரு நிமிஷம், நான் பதினாலு.

என்ன போட்டேன்னா... சி-தானுங்க போட்டேன். வேற வழி? பெஞ்சுல போயி உக்காரச் சொல்றீங்களா? ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அது பரீட்சைக்குப் போட்ட பதிலு. ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்லை. அவனுக்கு என்ன வேணுமோ அதைக் குடுத்தேன், அவ்வளவுதான்.

எழுநூத்திப் பதிமூணு. பாஸ். அந்தக் குட்டைக் கோடு கூட இந்தத் தடவை வளர்ந்துருச்சு, பாருங்க. இதோ, இந்தக் கோடுதான். அஸ்வத்துக்கு மெசேஜ் போட்டேன், உடனே போனே பண்ணிட்டான். 'சார், சூப்பர் சார். இனி யாரு எதை மாத்தினாலும் உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் மாத்தணும்னு போட்டுடறேன். புதுசா வர்ற பசங்களுக்கு இந்தப் பாடத்தையும் நீங்களே எடுத்துருங்க சார்'ங்கறான். எடுக்கறேன். என்னை விட்டா யாரு இருக்கறா?

அட, மறந்தே போனேன். அஞ்சு மணிக்குள்ள ஒண்ணு அனுப்பணும். மணி என்னங்க? நாலே முக்கால். இருங்க.

அந்தப் புள்ளதானுங்க, மேகலா. பெட்டியத் தொறந்து போனை வாங்கினதும் மெசேஜ் வந்து கெடக்குது. இத்தனை நாளா தாராபுரத்துல எங்கயோ கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்துட்டிருந்துச்சாம். இப்ப சென்னைல ஒரு கம்பெனில எடுத்துட்டாங்களாம். பழைய கம்பெனில விசாரிச்சு முடிச்சாத்தான் ஆர்டர் தருவாங்களாம். 'உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன் சார். என்ற வேலையை நல்லாத் தெரிஞ்சவர் நீங்கதான் சார்.' பாருங்க, இன்னும் எவ்வளவு மரியாதை. கூடவே அந்தக் கம்பெனில இருந்து ஒரு ஃபாரமும் வந்திருக்குது. போன்லயே தட்டி அனுப்பிரலாம்.

இவர் உங்களுக்குக் கீழே வேலை செய்தாரா? ஆமா.

எத்தனை காலம்? ரெண்டு வருசம். போட்டாச்சு.

அந்த வேலையிலிருந்து ஏன் விடுவிக்கப்பட்டார்? இங்கயும் நாலு பதில் குடுத்திருக்கான் பாருங்க. சொந்த விருப்பம், வேலை முடிந்தது, உடல்நிலை, பணியில் தவறு. இதுக்கெல்லாம் யோசிக்கவே வேண்டாமுங்க. அறிக்கைல என்ன இருக்குதோ அதானே? நாலாவது. பின்ன, ரெக்கார்டுல ஒண்ணு இருக்க, நம்ம ஒண்ணு சொன்னா நல்லா இருக்குமா? அறிக்கைல கையெழுத்து என்றது.

மறுபடி வாய்ப்புத் தருவீர்களா? தரலாம், தரலாம். ஆமான்னே போட்டுட்டேன். மனசறிஞ்சு ஒருத்தரு பொழைப்பைக் கெடுக்கற ஆளு இல்லீங்ணா நானு. அந்த நாலாவதைப் பார்த்துட்டு அவுங்க எடுக்கறாங்களோ இல்லையோ, அது அவுங்க பாடு.

கடைசியா ஒரு கட்டம். 'இவரைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' பெருசா வெச்சிருக்கான், எவ்வளவு வேணும்னாலும் எழுதலாமாட்ட இருக்குது. என்ன எழுதறது? நல்ல புள்ள, நோட்டுல எழுதும்னா?

என்னங்ணா? என்ன சொல்றீங்க?

ஒம்பது நாப்பதா? அதை எதுக்குங்க இதுல எழுதறது? கேட்ட கேள்விக்குத்தானே பதிலு. பாருங்க, கீழயே சின்ன எழுத்துல போட்டிருக்கான், கட்டாயமில்லைன்னு. காலியா விட்டாலும் வாங்கிக்கும்.

வாங்கிக்கிச்சு. போயிருச்சுங்ணா.